பழைய காரைப் புதிதாக்கிவிடாதீர்கள்

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு திருநெல்வேலிச் சீமையில் பழைய அம்பாசடரிடம் எதிர்பார்த்தது ஒன்றுதான்: குறைந்த செலவில் ஓட வேண்டும். 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு மெட்டடார் வேனின் டீசல் என்ஜினை ஏற்றியவரைக் கெட்டிக்காரர் என்றார்கள். இப்போது பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் தாத்தாவின் வண்டியை அதன் பழைய உருவிலேயே மீட்க வேண்டும் என்று பேரன்கள் ஆசைப்படுகிறார்கள். மனதுக்கு நிறைவான மாற்றம் இது. ஆனால் பட்டறை வேலை இன்னும் பழைய கணக்கிலேயே நடக்கிறது.

முதல் தவறு, பெயிண்டில் தொடங்குவது. வண்டி வந்ததும் நிறத்தைப் பேசுகிறார்கள். துருவை யாரும் பேசுவதில்லை. கதவின் அடி விளிம்பைக் குனிந்து பாருங்கள். கண்ணாடி வழியே உள்ளே இறங்கும் மழைநீர் வடிவதற்குச் சிறு துளைகள் இருக்கும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் ஓடிய வண்டியென்றால் அந்தத் துளைகளில் செம்மண் இறுகிக் கிடக்கும். ஐப்பசி மழைத் தண்ணீர் உள்ளேயே தேங்கித் தகட்டை அரிக்கும். உவரி, கூடங்குளம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். அரித்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைக்காமல், மேலே பட்டி பூசித் தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் ஓரிரு மழைக்காலத்தில் கொப்பளம் கிளம்பிவிடும். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தைக் கதவின் அடியில் வைத்துப் பார்க்கலாம். ஒட்டாத இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது என்று பொருள்.

அடுத்தது, கழற்றியதைத் தூக்கி எறிவது. இதைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரின் கைப்பிடியோ விளக்கு வளையமோ போனால் மறுபடி கிடைப்பது அரிது. நிறம் மங்கினாலும் உறுதியாக இருக்கும் மீட்டரையும் சீட்டையும் சுத்தம் செய்து அப்படியே பொருத்துங்கள். மாற்றியே ஆக வேண்டிய பாகத்தையும் பெயர் எழுதிப் பெட்டியில் வைத்திருங்கள். மதுரையில் மோட்டார் தொழிலை வளர்த்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் திருக்குறுங்குடியில் பிறந்தவர். அவர் பிறந்த சீமையில் பழைய வண்டியின் பாகங்கள் எடைக்குப் போகக் கூடாது.

என்ஜினை மாற்ற நினைப்பவர்கள் சட்டத்தையும் பார்க்க வேண்டும். முதல் பதிவாகி 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. சேசிஸ் எனும் அடிச்சட்டம், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்த வண்டியை அந்த விதிகள் பழம்பெரும் வண்டியாக ஏற்பதில்லை. பழம்பெரும் வண்டியாகப் பதிவானதைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடவும் முடியாது. ஆகவே ஆர்.சி. புத்தகத்திலுள்ள என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

பெட்ரோலையும் மறந்துவிடாதீர்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. அது பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். ஈரத்தை இழுத்து டேங்கில் துருவேற்றும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றிக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள்.