ஏற்காடு விடுதிகளில் கழிவுநீர்க் குழாய்: பெரிதாகப் போட்டால் போதும் என்ற தவறு

ஏற்காட்டில் விடுதி கட்டுகிறவர்கள் கழிவுநீர்க் குழாய் என்றதும் மே மாதத்தைத்தான் நினைக்கிறார்கள். கோடை விழா, மலர்க் கண்காட்சி, ஒரு அறைகூடக் காலியிருக்காது. "எதற்கும் ஒரு சைஸ் பெரிதாகவே போட்டுவிடுங்கள்" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிடுவார்கள். நாலு அறையில் மட்டும் ஆள் இருக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் குழாயில் என்ன ஓடும் என்று யாரும் கேட்பதில்லை. அடைப்பு ஆரம்பிப்பதே அந்தச் செவ்வாய்க்கிழமைதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 படுக்கை உள்ள விடுதி. படுக்கைக்கு ஒரு நாளில் 180 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவாக வரும் என்று வைத்தால் 14,400 லிட்டர். சராசரி ஓட்டம் நொடிக்கு 0.17 லிட்டர். காலை நெரிசலுக்காக மூன்றால் பெருக்கினாலும் 0.5 லிட்டர்தான். நூற்றுக்கு ஒன்று வாட்டத்தில் (அதாவது 100 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவில்) போட்ட 6 அங்குலக் குழாயோ நொடிக்குச் சுமார் 15 லிட்டர் கடத்தும். நாலைந்து கழிப்பறைகளில் ஒரே நேரத்தில் தண்ணீர் விட்டால் சில நொடிகளுக்கு இந்த 0.5 பல மடங்காகும். அதையும் 6 அங்குலம் தாங்கும். 8 அங்குலத்துக்கு இங்கே வேலையே இல்லை.

சரி, பெரிதாக இருந்தால் என்ன கெட்டுவிடும்? திடக்கழிவு தேங்காமல் போக நொடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது வேண்டும். பாதி நிறைந்த குழாயில் முழுதாக நிறைந்தபோது உள்ள அதே வேகம் கிடைக்கும். கால்வாசி ஆழத்தில் அது 70 சதவீதமாகக் குறையும், பத்தில் ஒரு பங்கு ஆழத்தில் 40 சதவீதம்தான். அகலக் குழாயில் தண்ணீர் மெல்லிய படலமாகப் பரவுகிறது. மலமும் காகிதமும் சமையலறை எண்ணெய்ப் பிசுக்கும் கரையில் ஒதுங்கிக் காய்கின்றன. சனிக்கிழமை கூட்டம் வரும்போது அந்தப் படிவத்தின் மேல்தான் எல்லாம் வந்து சிக்கும். அறைகளிலிருந்து வரும் கிளைகளுக்கு 4 அங்குலமும் நல்ல வாட்டமும், பல கிளைகள் சேரும் இடத்திலிருந்து 6 அங்குலமும் என்பதே என் வழக்கம்.

இதைவிட மோசமான தவறு ஒன்று உண்டு. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் சார்னோகைட் என்ற கடினமான பாறை. வெட்டக் காசு அதிகம். ஆழம் தோண்டாமலிருக்க, "பெரிய குழாய்க்கு வாட்டம் குறைவாகப் போதுமே" என்று, குழாயின் அளவுக்கேற்ற குறைந்தபட்ச வாட்டத்தைச் சொல்லும் அட்டவணையைக் காட்டுவார்கள். அந்த அட்டவணை குழாய் குறைந்தது பாதியாவது நிறைந்து ஓடும் என்று வைத்துப் போட்டது. நம் விடுதிக் குழாய் எந்தக் காலத்திலும் பாதி நிறையப் போவதில்லை.

அப்புறம் மழைநீர். மொட்டை மாடிக் குழாயைக் கழிவுநீர் லைனில் சொருகிவிடுவதை எங்கும் பார்க்கிறேன். 200 சதுர மீட்டர் கூரையில் மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் நொடிக்கு 2.8 லிட்டர் வரும், மேலே போட்ட நெரிசல் கணக்கைப் போல ஐந்து மடங்குக்கு மேல். செப்டிக் டேங்கில் படிந்த கசடெல்லாம் கலங்கி வெளியேறும். மழைநீருக்குத் தனி வழிதான் வேண்டும்.

சரிவு அதிகமுள்ள இடங்களில் வேறு சிக்கல். வேகம் நொடிக்கு 3 மீட்டரைத் தாண்டினால் குழாய் தேயும், இணைப்பு நழுவும். அங்கே 60 சென்டிமீட்டருக்கு மேல் மட்டம் மாறும்போது விழுகுழாய் (தண்ணீரைச் செங்குத்தாக இறக்கும் குழாய்) வைத்த மேன்ஹோல் கட்டிப் படிப்படியாக இறக்குங்கள். கீழே போகப்போகக் குழாயைச் சின்னதாக்கவே கூடாது. மேலே 6 அங்குலத்தில் நுழைந்தது கீழே 4 அங்குலத்தில் நின்றுவிடும். செங்குத்து முடிந்து சமதளம் தொடங்கும் இடத்தில் கட்டாயம் ஒரு சேம்பர் (மூடி திறந்து பார்த்துச் சுத்தம் செய்யும் தொட்டி) வேண்டும், ஏனென்றால் வேகம் திடீரென்று குறைந்து கசடு படிவது அங்கேதான்.

ஒவ்வொரு திருப்பத்திலும் சேம்பர் இருந்தால் மேலிருந்தபடியே கம்பி விட்டோ, அழுத்தத் தண்ணீர் பாய்ச்சியோ அடைப்பை எடுத்துவிடலாம். சேம்பர் இல்லாத லைனில் யாரையாவது குழிக்குள் இறங்கச் சொல்கிறார்கள். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு நிமிடங்களில் ஆளைக் கொன்றுவிடும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவதை கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. வரைபடம் போடும்போதே சேம்பருக்கான இடங்களைக் குறித்துவிடுங்கள்.