கோல்டன் ரெட்ரீவருக்குச் செதில் உதிர்கிறதா? மரபணுச் சோதனைக்கு மாதிரி எடுப்பது எப்படி

எங்கள் கோல்டன் ரெட்ரீவர் நாய்க்குட்டிக்கு மூன்று மாதத்திலேயே முதுகெல்லாம் வெள்ளைச் செதில். தடவிக் கொடுத்தால் தேங்காய்ப்பூ போலக் கையோடு வரும். ஏற்காட்டுக் குளிருக்குத் தோல் வறள்கிறது என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டே இருந்தோம். வயிற்றுத் தோல் கறுத்துச் சொரசொரப்பான பிறகுதான் டாக்டர் இக்தியோசிஸ் என்று சந்தேகப்பட்டார். பரம்பரையாக வரும் தோல் நோய், ஒட்டாது. கோல்டனில் இதற்குக் காரணமான பிஎன்பிஎல்ஏ1 மரபணுப் பிழையை 2012இல் கண்டுபிடித்தார்கள்.

முதலில் தோலைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சொறியும் படையும் இல்லை என்று தெரிந்தால் மேலே போகலாம்.

அடுத்தது லேப். இனத்துக்கு இனம் பிழை இருக்கும் மரபணு மாறும். ஜாக் ரஸ்ஸலுக்கு வேறு, அமெரிக்கன் புல்டாக்குக்கு வேறு. அதனால் இனத்தைச் சொல்லியே கிட் கேளுங்கள்.

இனி மாதிரி. இங்கேதான் அவசரம் கூடாது. ஒரு மணி நேரம் முன்பிருந்தே தீனி வேண்டாம். பால் குடிக்கிற குட்டி என்றால் தாயிடமிருந்து கொஞ்ச நேரம் பிரித்து வையுங்கள். வாயில் தாயின் செல் ஒட்டியிருந்தால் முடிவு குழம்பும். கிட்டில் வரும் பஞ்சுக் குச்சியை முனையில் கை படாமல் பிரித்து, உதட்டைத் தூக்கி, கன்னத்தின் உட்புறத்தில் அரை நிமிடம் உருட்டித் தேயுங்கள். எச்சில் நனைந்தால் மட்டும் போதாது, கன்னத்துச் செல் வர வேண்டும். அப்புறம் நிழலில் காய விடுங்கள். மலையில் பனிமூட்ட நாளில் சீக்கிரம் காயாது. ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். நான் ஃபேன் இல்லாத அறையில் டம்ளரில் நிறுத்தி ராத்திரி முழுக்க விட்டேன். காய்ந்ததும் காகித உறையில் போட்டு, நாயின் பெயர் எழுதி அனுப்புங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம்.

முடிவு மூன்றில் ஒன்றாக வரும். 'கிளியர்' என்றால் பிழை இல்லை. 'கேரியர்' என்றால் தாய் தந்தது, தகப்பன் தந்தது என்று மரபணுவுக்கு உள்ள இரண்டு பிரதியில் ஒன்றில் மட்டும் பிழை. நாய்க்கு ஒன்றும் செய்யாது, கிளியரோடு மட்டும் இணை சேர்க்கலாம். கேரியரும் கேரியரும் சேர்ந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு. 'அஃபெக்டட்' என்றால் இரண்டு பிரதியிலும் பிழை. குணமாகாது, ஆனால் டாக்டர் சொல்லும் ஷாம்புவும் ஈரப்பதம் காக்கும் மருந்தும் போட்டால் நன்றாகவே வாழும்.

எங்களுக்கு வந்தது அஃபெக்டட். அப்படியென்றால் பார்க்க பளபளவென்று இருந்த தாய், தகப்பன் இரண்டிடமும் பிழை இருக்கிறது. குட்டி கொடுத்தவருக்கு அன்றைக்கே ரிப்போர்ட்டை அனுப்பி, அடுத்த ஈத்துக்கு முன்னால் இரண்டுக்கும் சோதனை செய்யச் சொல்லியிருக்கிறேன்.