கரும்புக்கு நடுவே இருக்கும் பழைய கல்லறைகளைப் பதிவு செய்வது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே, கரும்புத் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர் எங்களுடையது. ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஊர் வரலாற்றுக் குழு தொடங்கினோம். 1860 நவம்பர் 16 அன்று, இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ டர்பனுக்கு வந்ததிலிருந்து எழுதலாம் என்று திட்டம். ஆறு மாதம் பேச்சிலேயே போயிற்று. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய இடுகாட்டுக்குப் போனோம், வேலை ஓடத் தொடங்கியது. நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

படி 1: அனுமதியும் நாளும்

தோட்ட நிலமென்றால் எஸ்டேட் அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். போவதற்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்லது. மழை இருக்காது, பக்கத்துக் கரும்பும் வெட்டப்பட்டிருந்தால் பாதை தெரியும். மாம்பா என்னும் நச்சுப் பாம்பு உலவும் இடம் என்பதால் மூடிய காலணி கட்டாயம்.

சாய்ந்த கல்லை நிமிர்த்தப் போகாதீர்கள். நகராட்சி இடுகாட்டுக்கு வெளியே உள்ள, 60 ஆண்டுக்கு மேற்பட்ட கல்லறைகளை அனுமதியின்றித் தொடக்கூடாது என்று 1999-ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டம் சொல்கிறது.

படி 2: வரைபடம்

வரிசைக்கு ஓர் எழுத்து, கல்லுக்கு ஓர் எண்: அ-1, அ-2. பெயரில்லாத மண்மேட்டுக்கும் எண் உண்டு.

படி 3: கல்லைப் படிப்பது

இங்கேதான் பொறுமை வேண்டும். எங்களில் ஒருவர் பாசியைப் போக்கக் கம்பிப் பிரஷ் எடுத்தார். பாசியோடு ஒரு பெயரின் கடைசி எழுத்தும் போய்விட்டது. இன்றுவரை அது முனியம்மாவா முனியனா என்று தெரியவில்லை. வெறும் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். சாக்பீஸ், மாவு, ஆசிட் எதுவும் வேண்டாம்.

எழுத்து தேய்ந்திருந்தால் ஒளியைப் பக்கவாட்டில் விழச் செய்யுங்கள். காலை எட்டு மணிக்குள் அல்லது மாலையில் சூரியனே அதைச் செய்துவிடும். நடுப்பகலில் ஒருவர் கண்ணாடியைப் பிடித்து வெயிலைக் கல்லின்மேல் சாய்வாகத் திருப்பட்டும், மற்றவர் படம் எடுக்கட்டும். குழியில் நிழல் விழுந்ததும், இல்லை என்று நினைத்த எழுத்தெல்லாம் எழுந்து வரும்.

பார்த்ததைப் பார்த்தபடியே எழுதிக்கொள்ளுங்கள். பிழை என்று தோன்றினாலும் திருத்தாதீர்கள். தெரியாத எழுத்துக்குப் புள்ளி வையுங்கள்.

படி 4: ஆண்டைக் கண்டுபிடிப்பது

க, உ, எ, அ மாதிரி தனியாக ஏதாவது நின்றால் அது தமிழ் எண்ணாக இருக்கலாம்: முறையே 1, 2, 7, 8.

ஒரு கல்லில் “சாதாரண வருஷம் ஆடி மாதம்” என்று இருந்தது. குழுவின் இளைஞர் ஒருவர், “விசேஷமில்லாத வருஷமா?” என்று கேட்டார். சாதாரண என்பது அறுபது ஆண்டுச் சுற்றில் 44-ஆவது ஆண்டின் பெயர். 1850, 1910, 1970 மூன்றிலும் அது சித்திரையில் பிறந்தது. 1850-இல் ஒப்பந்தக் கூலிகளின் கப்பலே வரவில்லை. பக்கத்துக் கல்லறைகளையும் எழுத்தின் தேய்மானத்தையும் வைத்து 1910 என்று முடிவு செய்தோம். ஆடி என்பதால் ஜூலை அல்லது ஆகஸ்ட்.

படி 5: வீட்டிலிருந்து கப்பலுக்கு

படத்தைப் பெரிதாக அச்சிட்டு அந்தக் குடும்பத்துக்கு எடுத்துப் போங்கள், போனில் காட்டினால் பெரியவர்களுக்குக் கண் தெரியாது. பழைய பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், ஒப்பந்தம் முடிந்தபோது தந்த விடுதலைச் சீட்டு என ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். அவற்றில் காலனி எண் இருக்கும். 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள்.

பெயரை நம்பித் தேடினால் கண் பூத்துவிடும். முனுசாமியைக் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், முனுசாமிகளும் ஏராளம். எண் கிடைத்தால் கப்பல் பட்டியலில் தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் அந்தப் பட்டியல்களைத் தேடலாம்.

இன்னொன்று. எங்கள் ஊரில் தமிழ் வாசிக்கத் தெரியாத வீடுகளே அதிகம். அதனால் கல்லில் உள்ளதை முதலில் உரக்கப் படித்துக் காட்டுவோம். ஒரு வீட்டில் படித்து முடித்ததும் ஆயா எழுந்து உள்ளே போனார். பிஸ்கட் டப்பாவில் நான்காக மடித்து வைத்திருந்த விடுதலைச் சீட்டைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார்.