வேலிக்கு வெளியே நிற்கும் ஊர்: கரீபியனில் உல்லாசக் கப்பல்துறை கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜமைக்காவின் வடகரையில் ஃபால்மத் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. 1769இல் உருவான ஊர். சர்க்கரை ஏற்றுமதி கொழித்த காலத்தில் கட்டிய வீடுகளும் கிடங்குகளும் இன்னும் தெருத்தெருவாக நிற்கின்றன. நியூயார்க்குக்கு முன்பே எங்கள் ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது என்று அங்குள்ளவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். 2011இல் அந்தப் பழைய நகரத்தின் வாசலிலேயே ராயல் கரீபியன் என்ற உல்லாசக் கப்பல் நிறுவனமும் ஜமைக்கா துறைமுக ஆணையமும் சேர்ந்து புதிய உல்லாசக் கப்பல்துறையைத் திறந்தன. அந்த மார்ச்சில் வந்து நின்ற ஒயாசிஸ் ஆஃப் த சீஸ் 360 மீட்டர் நீளம்; ஆறாயிரம் பயணிகள் வரை கொள்ளும். ஊரின் மக்கள்தொகையோ ஒன்பதாயிரத்தைத் தொடவில்லை.

கப்பலைத் துறையில் கயிறு கட்டி நிறுத்தியதும் நடப்பதைப் பாருங்கள். பயணிகள் இறங்கி நடந்து வருகிறார்கள். துறை வளாகத்துக்குள்ளேயே நகைக்கடை, ரம் கடை, டி-ஷர்ட் கடை. அவற்றைக் கடந்தால் பேருந்துகள் வரிசையாக நிற்கின்றன. கப்பலிலேயே டிக்கெட் வாங்கியவர்கள் ஏறி உட்கார, வண்டி கிளம்பி மேற்கே மாண்டெகோ பே நகருக்கோ கிழக்கே ஓச்சோ ரியோஸ் அருவிக்கோ போய்விடுகிறது. மாலையில் அதே பேருந்து, அதே வாயில், அதே கப்பல். மரச்சிற்பமும் ஓலைத்தொப்பியும் விற்கும் உள்ளூர்க்காரர்கள் வேலிக்கு வெளியே நின்று பேருந்தின் கண்ணாடிச் சன்னலைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். துறை திறந்த நாள் முதல் அந்த ஊரில் கேட்கும் மனக்குறை இதுதான்.

வேலியே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2004 முதல் நடைமுறையில் இருக்கும் சர்வதேசத் துறைமுகப் பாதுகாப்பு விதிப்படி வேலி போட்டே ஆக வேண்டும். ஆனால் அதை எங்கே போடுவது என்பது வரைபடம் போடுகிறவர் கையில்தான் இருக்கிறது. கப்பல் நிற்கும் மேடையின் அடியிலேயே சோதனையை முடித்துவிட்டால், அதற்கு அப்பால் பயணி காலை வைக்கும் முதல் தெருவே ஊரின் தெருவாகிவிடும். கடைவீதி முழுவதையும் உள்ளே வைத்து வேலி கட்டினால், ஊருக்குள் இன்னொரு ஊரைக் கட்டியது போலாகும். இரண்டாவதைத்தான் பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கிறார்கள். காரணம் வெளிப்படை: உள்ளே இருக்கும் கடைகளின் வாடகை துறையை நடத்துபவருக்குப் போகிறது.

தலைக்கணக்கில் ஏமாறுவது

திட்ட அறிக்கைகளில் வழக்கமாக ஒரு பெருக்கல் இருக்கும். கப்பலுக்கு ஐயாயிரம் பேர், ஆளுக்கு இத்தனை டாலர், ஆண்டுக்கு இத்தனை கப்பல். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கப்பலில் வரும் எல்லாரும் கரையிறங்குவதில்லை. இறங்குபவரும் காலை எட்டுக்கு வரும் கப்பல் மாலை ஐந்துக்குக் கிளம்பிவிடும் என்று கடிகாரத்தைப் பார்த்தபடியே நடக்கிறார்கள். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் கப்பலிலேயே பணம் கட்டியாயிற்று. ஊரில் எதற்கு மதியச் சாப்பாடு? சுற்றுலாப் பேருந்துக்குக் கட்டும் கட்டணத்தில் கணிசமான பங்கைக் கப்பல் நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. இத்தனையையும் கழித்துவிட்டு மிஞ்சும் தொகைதான் ஊருக்கு. அதை எழுதிப் பார்க்காமல் கடன் வாங்கக் கூடாது.

அதைவிடப் பெரிய கேள்வி, கப்பல் ஏன் உங்கள் ஊருக்கு வர வேண்டும் என்பது. ஹோண்டுராஸின் ட்ருஹில்யோ நகரம் கொலம்பஸ் 1502இல் கரையிறங்கிய இடத்துக்கு அருகே இருக்கிறது. அழகான வளைகுடா, பின்னால் மலை, பக்கத்தில் ஆப்பிரிக்க, கரீபியப் பழங்குடி வழிவந்த கரிஃபுனா மக்களின் ஊர்கள். 2014இல் அங்கே பனானா கோஸ்ட் என்ற பெயரில் கப்பல்துறை திறந்தது. எதிர்பார்த்த எண்ணிக்கையில் கப்பல்கள் வரவில்லை. அதே நாட்டின் ரோவடான் தீவுக்கோ கப்பல்கள் போய்க்கொண்டே இருந்தன. அங்கே 2009 முதல் கார்னிவல் என்ற உல்லாசக் கப்பல் நிறுவனத்துக்குச் சொந்தத் துறை இருக்கிறது. தன் துறையை விட்டுவிட்டு எவரும் பக்கத்து வீட்டுத் திண்ணையில் போய் உட்கார மாட்டார்கள். ட்ருஹில்யோவில் நிலத்தை வாங்கிய விதம் குறித்து கரிஃபுனா மக்கள் தொடுத்த தகராறுகள் தனிக்கதை.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது சிமெண்ட் அல்ல, ஒரு கடல் வரைபடம். மாலை ஐந்து மணிக்கு ஒரு துறையை விட்ட கப்பல் மறுநாள் காலை எட்டுக்கு அடுத்த துறையில் இருக்க வேண்டும். பதினைந்து மணி நேரம், மணிக்குப் பதினெட்டு கடல்மைல் வேகம் என்றால் 270 கடல்மைல். உங்கள் நகரத்தை மையமாக வைத்து அந்த அளவில் ஒரு வட்டம் போடுங்கள். அதற்குள் எந்தெந்தத் துறை இருக்கிறது, அவை யாருடையவை என்று பாருங்கள். கப்பல் நிறுவனங்களின் சொந்தத் தீவுகளும் கடற்கரைகளும் பெருகிவருகின்றன. கார்னிவலின் செலிப்ரேஷன் கீ 2025 ஜூலையில்தான் பஹாமாஸில் திறந்தது. அவற்றோடு போட்டியிடப் போகிறோம் என்று தெரிந்தே இறங்க வேண்டும்.

காற்று

எனக்குப் பிடித்த பகுதி இது. சுவரொட்டியில் படம் போடும்போது யாரும் காற்றைப் போடுவதில்லை.

இன்றைய பெரிய உல்லாசக் கப்பலுக்கு ஆழம் அதிகம் வேண்டாம். ஒயாசிஸே தண்ணீருக்குள் ஒன்பது மீட்டருக்குச் சற்று மேல்தான் இறங்கும். தண்ணீருக்கு மேலே இருப்பதுதான் சிக்கல். அது காற்றைப் பிடிக்கும் ஒரு கப்பல்பாய். பக்கவாட்டுப் பரப்பு 15,000 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 14 கிலோ அழுத்தம். மொத்தம் இருநூறு டன். கரீபியனில் அப்படிக் காற்று அடிக்கப் புயல் வேண்டியதில்லை. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து இறங்கும் குளிர்காற்றே போதும். அந்தக் குளிர்காலம்தான் கப்பல்களுக்கும் உச்சப் பருவம்.

துறைமேடையை எந்தத் திசையில் நீட்டுகிறோம் என்பது இதனால்தான் முக்கியம். நில உரிமையாளரின் எல்லைக்கல்லைப் பார்த்துத் திசையை முடிவு செய்த துறைக்குக் கப்பல் வரும், நிற்காமல் திரும்பிப் போகும். மெக்சிகோவின் கோஸ்டா மாயா துறை திறந்த கடலைப் பார்த்து நிற்கிறது. காற்றால் அங்கே நிற்க முடியாமல் போன பயணங்களின் கதையை உல்லாசக் கப்பலில் அடிக்கடி போகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். 2007 ஆகஸ்ட் 21 அன்று டீன் சூறாவளி ஐந்தாம் நிலை வலுவோடு அதன் அருகிலேயே கரையைக் கடந்தது. துறை உடைந்தது, மறுபடி கப்பலைப் பார்க்க 2008 ஆயிற்று. 2001இல் திறந்த துறை அது. ஆறே ஆண்டில் ஐந்தாம் நிலைப் புயல் வரும் என்று எவரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள், ஆனால் காப்பீட்டுக்காரர் போட்டிருப்பார்.

இழுவைப் படகுகளையும் மறந்துவிடுகிறார்கள். கப்பலுக்கே பக்கவாட்டு உந்திகள் இருக்கின்றனவே என்பார்கள். 2019 பிப்ரவரியில் நார்வேஜியன் எபிக் என்ற உல்லாசக் கப்பல் எந்திரக் கோளாறோடு போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானுக்குள் வந்தது. காற்று தள்ள, கப்பலைக் கயிற்றால் கட்டுவதற்காகத் தண்ணீருக்குள் தனியே நின்ற இரண்டு மேடைகள் மீது மோதிச் சாய்த்தது. அது பெரிய, பழைய துறைமுகம். புதிதாகக் கட்டும் சிறு ஊரில் அந்த நாளைச் சமாளிக்க எத்தனை இழுவைப் படகு இருக்கும்?

பார்க்க வருவதையே தோண்டி எடுப்பது

ஃபால்மத்தில் பவளப்பாறையை வெட்டித்தான் கப்பலுக்கு வழி விட்டார்கள். தூர்வாருவதற்கு முன் பவளம், கடற்பஞ்சு என ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டார்கள். பெரிய வேலைதான், பாராட்டலாம். ஆனால் நடுவது ஒன்று, பிழைப்பது இன்னொன்று. தூர்வாரும் இடத்தில் மட்டும் சேதம் என்று நினைப்பதுதான் இங்கே வழக்கமான தவறு. கலங்கிய சேறு நீரோட்டத்தோடு போய் வெகுதூரத்துப் பாறை மீதும் படிகிறது. வெளிச்சம் கிடைக்காத பவளம் மெல்லச் சாகிறது. கட்டி முடித்த பிறகும், ஒவ்வொரு கப்பலும் திரும்பும்போது அதன் உந்திகள் அடிமண்ணைக் கிளப்புகின்றன.

தோண்டாமலும் செய்யலாம் என்பதற்கு அதே ஜமைக்காவில் சான்று உண்டு. போர்ட் ராயல் நகரத்தின் ஒரு பகுதி 1692 நிலநடுக்கத்தில் கடலுக்குள் போயிற்று. அந்த மூழ்கிய தெருக்களைத் தொடக் கூடாது. எனவே நார்வே தொழில்நுட்பத்தில் மிதக்கும் நடைமேடை ஒன்றை வாங்கினார்கள். கப்பல் வந்ததும் நீட்டலாம், போனதும் மடக்கிக் கரையோரம் வைக்கலாம். 2020 ஜனவரி 20 அன்று முதல் கப்பல் வந்தது.

இரண்டு மாதத்தில் கொரோனா வந்து எல்லாக் கப்பலும் நின்றுபோயின. ஓராண்டுக்கும் மேலாக அந்தக் கடலில் உல்லாசக் கப்பல் ஓட்டம் ஏறத்தாழ இல்லை. ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. கப்பலுக்குச் சக்கரம் இருப்பது போலத்தான். நாளைக்கே வேறு கடலுக்குப் போய்விடும். கான்கிரீட்டும் கடனும் ஊரோடு இருக்கும். ஆண்டுக்குக் குறைந்தது இத்தனை பயணிகள், வராவிட்டாலும் அதற்கான கட்டணம் உண்டு என்று எழுதி வாங்காத ஒப்பந்தம் ஒப்பந்தமே அல்ல. எழுதி வாங்கினாலும் பேரிடர் விலக்குப் பத்தியை வழக்கறிஞரை வைத்து இரண்டு முறை படிக்க வேண்டும். லாபத்தில் ஊருக்குப் பங்கு கொடுக்கும் வழியும் இருக்கிறது. 2023இல் புதுப்பித்துத் திறந்த நாசாவ் துறையின் உரிமையில் 49 விழுக்காடு பஹாமாஸ் முதலீட்டாளர்களின் நிதியிடமும் 2 விழுக்காடு ஓர் அறக்கட்டளையிடமும் இருக்கின்றன. மீதிதான் வெளிநாட்டு நிறுவனத்துடையது.

குப்பையை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: கரீபியன் கடலில் கப்பல் குப்பையைக் கொட்டுவதற்கு 2011 முதல் சர்வதேசக் கட்டுப்பாடு கடுமையாகிவிட்டது, அது கரைக்குத்தான் வரும், ஊரின் குப்பைக்கிடங்கு தாங்குமா என்று பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.

கடைசியில் கேட்பது

கேமன் தீவுகளின் ஜார்ஜ் டவுனில் கப்பலை நிறுத்திக் கட்டிவைக்கும் மேடை இல்லை. கப்பல்கள் தள்ளி நங்கூரமிட, சிறு படகுகளில் பயணிகள் கரைக்கு வருகிறார்கள். துறை கட்ட அரசு முடிவெடுத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் மக்களின் குரல் கேட்டது. வாக்காளர்களில் கால்பங்குக்கு மேல் கையெழுத்திட்டுப் பொதுவாக்கெடுப்பு கேட்டார்கள். அந்த நாட்டில் மக்களே கேட்டு வாங்கிய முதல் வாக்கெடுப்பு அது. அரசு குறித்த நாள் 2019 டிசம்பர் 19, கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் முன்பு. அந்தத் தேதியைப் பார்த்தே பலர் கோபப்பட்டார்கள். வழக்கு வந்தது, வாக்கெடுப்பு நின்றது, 2020இல் திட்டமும் கைவிடப்பட்டது. வடிவமைப்புக்கும் ஆலோசகர்களுக்கும் செலவானது செலவானதுதான்.

2025 ஏப்ரல் 30 அன்று பொதுத்தேர்தலோடு சேர்த்து அந்தக் கேள்வியை வாக்குச்சீட்டிலேயே போட்டார்கள். வாக்களித்தவர்களில் பெரும்பான்மையோர் துறை வேண்டாம் என்றார்கள். ஜார்ஜ் டவுனில் இன்றும் பயணிகள் படகிலிருந்து ஊர்த்தெருவில்தான் காலை வைக்கிறார்கள்.