ஞாயிறு ஐந்து வண்டி, செவ்வாய் ஒன்றுமில்லை: தெருவோரம் உதவப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஞாயிறு மதியம் சென்னை பாரிமுனைப் பக்கம் போனால், சாப்பாட்டுக்கு அங்கே யாருக்கும் குறை இருப்பதாகத் தெரியாது. ஒரு வேனில் வெஜிடபிள் பிரியாணி, அது கிளம்புவதற்குள் ஒரு காரில் தக்காளி சாதம், யாருக்கோ பிறந்தநாள் என்று இன்னொரு வண்டி. நடைபாதையில் குடியிருக்கும் அக்கா ஒருவர் எல்லாவற்றையும் வாங்கிப் பக்கத்தில் அடுக்கிவைப்பார். வேண்டாம் என்று சொன்னால் அடுத்த முறை வண்டி நிற்காமல் போய்விடுமோ என்ற பயம். சாயங்காலம் பாதிப் பொட்டலம் நாய்க்குப் போகும். செவ்வாய்க்கிழமை ராத்திரி அதே இடத்தில் ஒரு வண்டியும் இருக்காது.

நானும் அந்த ஞாயிறு வண்டியில் ஏறித்தான் இந்த வேலைக்கு வந்தேன். எங்கள் குழு செய்த தப்புகளைத் திரும்பிப் பார்த்தால், முக்கால்வாசிக்கு ஒரே காரணம்தான்: என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. எதைக் கொடுப்பது எங்களுக்குச் சுலபமோ அதைக் கொடுத்தோம்.

எல்லோரையும் ஒரே கூட்டமாகப் பார்ப்பது

என்.எஸ்.சி. போஸ் சாலை, வால்டாக்ஸ் சாலைப் பக்கம் நடைபாதையில் இருக்கும் குடும்பங்களில் பல, தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருப்பவை. பூக் கட்டுகிறார்கள், மூட்டை தூக்குகிறார்கள், வண்டி இழுக்கிறார்கள், வீட்டு வேலைக்குப் போகிறார்கள். அடுப்பு மூட்டி அவர்களே சமைக்கிறார்கள். அவர்களிடம் போய்ப் பொட்டலத்தை நீட்டினால் முகம் சுருங்கத்தான் செய்யும். “நாங்க பிச்சைக்காரங்க இல்ல தம்பி” என்று ஒருவர் என்னிடம் நேராகவே சொன்னார். அப்புறம் பேசிப் பார்த்ததில், அவர் மாசக்கணக்கில் அலைந்துகொண்டிருந்தது மகளின் சாதிச் சான்றிதழுக்கு.

பெரிய அரசு மருத்துவமனை வாசலில் படுத்திருப்பவர்கள் கதை வேறு. பெரும்பாலும் நோயாளியோடு வெளியூரிலிருந்து வந்தவர்கள். ஊரில் வீடு இருக்கிறது, இங்கே தலை சாய்க்க இடம் இல்லை. கஞ்சி கரைக்கச் சுடுதண்ணீர், குளிக்க ஒரு இடம், போனுக்குச் சார்ஜ் என்று அவர்கள் தேவையே வேறு. இப்படித் துணைக்கு வந்தவர்கள் தங்குவதற்கென்று சில மருத்துவமனை வளாகங்களிலேயே மாநகராட்சிக் காப்பகம் இருக்கிறது. பலருக்கு அது தெரியாது. சென்ட்ரல் எதிரில் உட்கார்ந்திருக்கும் வடமாநில ஆள், வேலை தேடி வந்து பையைப் பறிகொடுத்தவராக இருக்கலாம். அவருக்கு வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

சாப்பாட்டில் நடக்கும் கோளாறு

இதில் என் தப்பையே சொல்கிறேன். ஒரு கோடையில் மதியம் தயிர் சாதம் கிளறி, சூடு ஆறுவதற்குள் பிளாஸ்டிக் கவரில் கட்டி, மூட்டையாக ஆட்டோவில் ஏற்றி, ராத்திரி ஒன்பது மணிக்குக் கொடுத்தோம். ஒரு பாட்டி பிரித்து, மோந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் திரும்பக் கட்டி என் கையிலேயே கொடுத்தார். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதே என்பது எந்தச் சமையற்காரருக்கும் தெரிந்த விஷயம். தெருவில் இருப்பவர்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஓடக் கழிப்பறைகூட இல்லை என்பதால் இது நம் வீட்டு வயிற்றுவலி மாதிரி முடியாது. கல்யாண மண்டபத்தில் மிஞ்சுவதைக் கொடுப்பதற்கென்றே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. இலையில் பரிமாறியதை வழித்துக் கொண்டுபோவது எந்த விதியிலும் சேராது.

கழிப்பறை என்றதும் இன்னொன்று. ராத்திரி பத்து மணிக்குப் பிரியாணி வாங்கிய ஒரு பெண் அதைத் தொடவே இல்லை. ஏன் என்று கேட்டேன். “கக்கூஸ பூட்டிட்டாங்க. இப்ப சாப்ட்டா எங்க போறது?” என்றார். சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரைக்கூடக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் நடைபாதையில் நிறைய. அன்றிலிருந்து எங்கள் இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு முன்னால் போகிறது, அதுவும் இட்லிதான். பல் இல்லாத தாத்தாவும் மெல்லலாம். பக்கத்தில் அம்மா உணவகம் இருந்தால் சமைக்கவே வேண்டாம். 2013இல் ஆரம்பித்தபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய் என்று விலை வைத்தார்கள். அங்கே உட்கார்ந்து தட்டில் சாப்பிடுவதற்கும் வண்டிக்கு முன்னால் வரிசையில் நிற்பதற்கும் வித்தியாசம் உண்டு.

பழைய துணி பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பட்டன் இல்லாத சட்டையும் பிளவுஸ் இல்லாத பட்டுப்புடவையும் யாருக்கும் ஆகாது. லுங்கி, நைட்டி, புது உள்ளாடை, நாப்கின், கொசுவர்த்தி, இவைதான் உதவும். ஐப்பசி மழையில் போர்வை ஒரே ராத்திரியில் நனைந்து சுமையாகிவிடும், தார்ப்பாய் நிற்கும்.

தூங்குகிறவரை எழுப்பிப் படம் எடுப்பது

நடைபாதைதான் அவர்கள் படுக்கையறை. பெண்களும் பிள்ளைகளும் சுவரோரம், ஆண்கள் சாலை ஓரம் என்று ஒரு ஒழுங்கு அங்கே இருக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு அதற்குள் நுழைந்து, டார்ச் அடித்து, தோளைத் தட்டி எழுப்புவது நம் வீட்டுக்குள் ஒருவன் புகுந்ததற்குச் சமம். எழுப்பியே ஆக வேண்டும் என்றால் கால் பக்கம், நாலு அடி தள்ளி நின்று குரல் கொடுங்கள். குழுவில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும்.

அப்புறம் செல்போன். பொட்டலத்தைக் கையில் கொடுத்த பிறகு “போட்டோ எடுக்கட்டுமா?” என்றால் யாரால் மறுக்க முடியும்? அதைச் சம்மதம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேலை பார்க்கும் வீட்டில் தான் நடைபாதையில் இருப்பதைச் சொல்லாத பெண்கள் இருக்கிறார்கள். ஒரு ரீல்ஸ் போதும், வேலை போய்விடும். நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டுமென்றால் மளிகை பில்லைப் படம் எடுத்துப் போடலாமே. தனியாகத் திரியும் குழந்தையைப் பார்த்தால் படமும் வேண்டாம், உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போகவும் வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு அடித்துவிட்டு, ஆள் வரும்வரை பக்கத்தில் இருங்கள்.

முடிவெட்டி, குளிப்பாட்டி, “காப்பாற்றி”

எனக்குக் கோபம் வருவது இந்த வகை வீடியோவில். சடை பிடித்த முடியோடு தனக்குத் தானே பேசிக்கொண்டிருக்கும் ஒருவரை நாலு பேர் பிடித்துக்கொள்ள, ஒருவர் மொட்டை அடித்து, பைப் தண்ணீரில் குளிப்பாட்டி, புதுச்சட்டை மாட்டுவார்கள். பின்னணியில் பாட்டு. மறுநாள் அவர் அதே பஸ் ஸ்டாப்பில்தான் இருப்பார், ஆட்களைக் கண்டால் கூடுதலாக மிரண்டபடி. அவருக்குத் தேவை சிகிச்சை. அதற்கு வழி இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவு, தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடியாமல் திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது போலீஸின் கடமை என்கிறது. லாக்கப்பில் அடைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது, மனநோயுள்ள வீடற்ற பெண்களுக்காக 1993இல் தொடங்கி நடந்துவரும் பேன்யன் என்ற அமைப்பு இருக்கிறது. ஸ்டேஷனுக்குப் போய் இந்தப் பிரிவைச் சொல்லிப் பொறுமையாக நிற்பதற்கு லைக் விழாது, அவ்வளவுதான்.

காப்பகத்துக்கு வரச்சொல்லி வற்புறுத்துவதும் இதே ரகம். ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் உத்தரவிட்டது. சென்னையில் காப்பகங்கள் உண்டு, இலவசம்தான். ஆனால் பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. புருஷன், பெண்டாட்டி, வளர்ந்த பையன், ஒரு நாய், தள்ளுவண்டி என்று இருக்கும் குடும்பம் அங்கே எப்படிப் போகும்? விடிகாலை நாலு மணிக்கு மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவருக்கு மார்க்கெட் வாசல்தான் தோது. ஊருக்கு வெளியே மறுகுடியமர்த்தலுக்காகக் கட்டிய கண்ணகி நகரில் வீடு கொடுத்தும் திரும்பி வந்தவர்கள் பிடிவாதத்தால் வரவில்லை. கூலி இங்கே இருந்தது. தனியாக இருக்கும் முதியவருக்கோ அடிபட்டுப் படுத்திருப்பவருக்கோ காப்பகம் நிச்சயம் உதவும். மாநகராட்சி உதவி எண் 1913க்குப் போன் செய்யலாம். முதலில் ஒரு தடவை கூட்டிப்போய் இடத்தைக் காட்டிவிட்டு, திரும்பக் கூட்டிவந்து விடுங்கள். முடிவை அவர் எடுக்கட்டும்.

காகிதம்

சாப்பாட்டுக்கு ஆள் கிடைக்கும், காகிதத்துக்குக் கிடைக்காது. ஏனென்றால் ஒரு ரேஷன் கார்டு வாங்க ஏழெட்டு முறை அலைய வேண்டும். “முகவரி இல்லையே, ஒன்றும் பண்ண முடியாது” என்று தன்னார்வலர்களே சொல்லிவிடுவது பெரிய தப்பு. வாக்காளர் அட்டைக்கு வீடற்றவர் முகவரிச் சான்று தர வேண்டியதில்லை. பெயர் சேர்க்கும் படிவம் 6இல் தான் தூங்கும் இடத்தை எழுதினால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட ராத்திரிகளில் வந்து அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. ஆதாருக்கு, அங்கீகாரம் பெற்ற காப்பகப் பொறுப்பாளர் தரும் சான்று செல்லும். இது தெரிந்து கூடப் போய் நிற்கிற ஒரு ஆள் போதும்.

ஆனால் ஒன்று, அசல் அட்டையைக் கையில் வாங்காதீர்கள். ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன் என்று ஒரு தம்பி வாங்கிப்போய், மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டான். அந்த மூன்று வாரமும் அந்த அம்மா ஒவ்வொரு ஞாயிறும் எல்லா வண்டியிலும் அவன் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் அவர்களையே ஜெராக்ஸ் கடைக்குக் கூட்டிப்போகிறோம்.

போன புரட்டாசியில் வால்டாக்ஸ் சாலையில் சுற்றி, மழைக்கு முன்னால் என்ன வாங்கித் தரட்டும் என்று கேட்டோம். போர்வை என்று ரெண்டு பேர் சொன்னார்கள். மற்றவர்கள் கேட்டது ஜிப் வைத்த, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பை. அட்டைகளைப் போட்டு இடுப்பில் செருகிக்கொள்கிற அளவுக்கு.