விட்சண்டே தீவுகளில் நீங்களே படகோட்டிச் செல்ல

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கரையில், ஏர்லி பீச் ஊருக்கு எதிரே 74 தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. விட்சண்டே தீவுகள் என்று பெயர். இங்கே மாலுமி இல்லாமலே படகை வாடகைக்குத் தருவார்கள். 'பேர்போட்' என்பது அந்த முறை. உரிமம் கேட்பதில்லை. உங்கள் அனுபவத்தை விசாரித்து, பல மணி நேரம் படகைப் பற்றி விளக்கி, கடலில் ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகு சாவியைக் கொடுப்பார்கள். குழுவில் ஒருவருக்கும் படகுப் பழக்கம் இல்லையென்றால், முதல் நாள் மட்டும் ஒரு வழிகாட்டியைக் கூட்டிச் செல்லுங்கள். கூடுதல் செலவுதான், ஆனால் நங்கூரம் போடப் பழகுவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை.

பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலோடு கிளம்புகிறவர்கள்தான் இங்கே அதிகம் திணறுகிறார்கள். இரவு எந்தக் குடாவில் தங்குவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதைக் காற்று சொல்லும், கடலின் ஏற்றவற்றம் சொல்லும். பகலில் எங்கே போவது என்பது அதற்குப் பிறகு தானாக அமையும்.

எப்போது போவது

ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை தென்கிழக்குக் காற்று வலுவாக வீசும். மணிக்கு 20 கடல்மைல் வேகத்துக்கு மேல் நாட்கணக்கில் நிற்காமல் அடிப்பதும் உண்டு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். இடைப்பட்ட செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு ஏற்றவை. காற்று தணிந்திருக்கும், நீர் தெளிந்திருக்கும்.

தேதி குறிக்கும்போது நாட்காட்டியில் அமாவாசை, பௌர்ணமியைப் பாருங்கள். அவற்றை ஒட்டிய ஓரிரு நாட்களில் இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 3 மீட்டருக்கும் மேல் வித்தியாசம் வரும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் அது வெகுவாகக் குறையும், நீரோட்டமும் தணியும். 5 நாள் பயணம் என்றால் அஷ்டமி நடுவில் வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள். முதல் பயணத்தின் பாதிச் சிரமம் இதிலேயே போய்விடும்.

ஏற்ற நீர் தெற்கு நோக்கி ஓடும், வற்ற நீர் வடக்கு நோக்கி ஓடும். தென்கிழக்குக் காற்று பலமாக இருக்கும்போது ஏற்ற நீர் அதை எதிர்த்து ஓடுவதால், அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்பி படகை உலுக்கியெடுக்கும். அதே காற்றில் வற்ற நேரத்தில் கடந்தால் கடல் எவ்வளவோ மேல். விட்சண்டே, ஹேசில்வுட் தீவுகளுக்கு இடையிலுள்ள சால்வே கால்வாய் போன்ற குறுகிய வழிகளை, ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்கும் அந்த நிதான நேரத்தில் கடப்பதே நல்லது.

நங்கூரம்

மாலை 4 மணிக்குள் நங்கூரம் போட்டாக வேண்டும், இருட்டில் படகை ஓட்டக் கூடாது என்பது பொதுவாக எல்லா நிறுவனங்களின் விதி. நல்ல இடம் கிடைக்க 2 மணிக்கே போய்ச் சேருங்கள். அப்போது வெயில் உயரத்தில் இருப்பதால் நீருக்கடியில் இருப்பது தெரியும். வெளிர் நீலம் என்றால் மணல். பழுப்புத் திட்டுகள் பவளப்பாறை. அங்கே நங்கூரம் போடவே கூடாது. போலராய்டு கண்ணாடி அணிந்த ஒருவர் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நின்று பார்க்கட்டும். கரையோரத்தில் வெள்ளை நிறப் பிரமிடு வடிவ மிதவைகள் வரிசையாகத் தெரிந்தால், அந்தக் கோட்டுக்கு உட்புறம் நங்கூரத் தடை உள்ள பவளப் பகுதி.

சங்கிலி எவ்வளவு விடுவது? கணக்கு எளிது, ஆனால் அதைப் போடாமல் விடுவதால்தான் நள்ளிரவில் படகு இழுபட்டுப் போகிறது. ஆழமானி 5 மீட்டர் காட்டுகிறது என்று வையுங்கள். ஏற்றவற்ற அட்டவணைப்படி இப்போது நீர்மட்டம் 1 மீட்டர், இரவு உச்சத்தில் 3.5 மீட்டர், அதாவது இன்னும் 2.5 மீட்டர் ஏறும். நீர்மட்டத்திலிருந்து அணியத்தின் உயரம் 1.5 மீட்டர். மொத்தம் 9 மீட்டர். அதன் 5 மடங்கு, 45 மீட்டர் சங்கிலி விட வேண்டும். காற்று பலமாக இருந்தால் இன்னும் கூட்டுங்கள். ஏற்றத்தின் உச்சத்தில் வந்து சேர்ந்தால் கணக்கு தலைகீழ்: நீர் இறங்கிய பிறகு படகின் அடிக்கட்டைக்குக் கீழே எவ்வளவு மிஞ்சும் என்று பாருங்கள். ஆழமானி நீர்மட்டத்திலிருந்து அளக்கிறதா, அடிக்கட்டையிலிருந்து அளக்கிறதா என்பது படகுக்குப் படகு மாறும். விளக்க நேரத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

போடும் முறை: அணியத்தைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி படகை முழுதும் நிறுத்துங்கள். நங்கூரம் தரை தொட்ட பிறகு, படகு பின்னால் நகர நகரச் சங்கிலியை விடுங்கள். ஒரே இடத்தில் குவித்துக் கொட்டினால் நங்கூரம் பதியாது. முழுச் சங்கிலியும் போனதும் எஞ்சினைப் பின்னோக்கி மெதுவாக ஓட்டி, படிப்படியாக வேகம் கூட்டுங்கள். கரையில் முன்னும் பின்னுமாக ஒரே நேர்கோட்டில் தெரியும் இரண்டு பொருட்களை, ஒரு பாறையும் அதன் பின்னே ஒரு மரமும் போல, குறித்துக்கொள்ளுங்கள். அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் இருந்தால் நங்கூரம் பிடித்துவிட்டது. விலகினால் தூக்கி மறுபடி போடுங்கள். பக்கத்துப் படகுக்காரர்கள் பார்க்கிறார்களே என்று கூச்சப்பட வேண்டாம். அவர்களுக்கும் நீங்கள் நகராமல் இருப்பதுதான் தேவை.

பின்னோக்கி ஓட்டுவதற்கு முன் டிங்கியின் (கரைக்குப் போய்வர, பின்னால் கட்டி இழுத்துவரும் சிறு படகு) கயிற்றைக் குட்டையாக இழுத்துக் கட்டுங்கள். அது சுழலியில் சிக்குவது இங்கே அடிக்கடி நடக்கும் விபத்து.

பல குடாக்களில் நங்கூரத்துக்குப் பதிலாகப் படகைக் கட்டிவைக்கப் பொது மிதவைகள் உண்டு. எவ்வளவு நீளப் படகு வரை, எவ்வளவு காற்று வரை, எத்தனை நேரம் என்பதெல்லாம் அதன் மேலேயே எழுதியிருக்கும். காற்றுக்கு எதிராக மெல்ல நெருங்கிக் கொக்கிக் கழியால் கயிற்றை எடுங்கள்.

எந்தக் காற்றுக்கு எந்தக் குடா

ஹுக் தீவின் தெற்கே நாரா குடா நீண்டு உள்ளே போகிறது. பெரும்பாலான காற்றுக்குப் பாதுகாப்பு, தரை சேறு. மலைச் சரிவிலிருந்து திடீரென்று காற்று இறங்கித் தாக்கும், பயப்பட வேண்டாம். கரையேறிச் சிறிது தூரம் நடந்தால் இந்தத் தீவுகளின் ஆதிக்குடிகளான ஙாரோ மக்களின் குகை ஓவியங்கள் உள்ளன. அவர்கள் இங்கே சுமார் 9,000 ஆண்டுகளாக வாழ்ந்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. பாறையைத் தொடாதீர்கள்.

தென்கிழக்குக் காற்றில் ஹுக் தீவின் வடக்குக் குடாக்கள் முக்குளிக்க அருமையானவை. காற்று திரும்பி வடக்கிலிருந்து வீசினால் உடனே கிளம்பிவிடுங்கள். 7 கி.மீ. நீளமுள்ள ஒயிட்ஹேவன் வெண்மணல் கரைக்கும் இதே விதிதான். தென்கிழக்குக் காற்றில் அதன் தெற்கு முனையில் நிற்கலாம். அந்தக் கரையின் வடக்கு முனையிலுள்ள ஹில் இன்லெட் கழிமுகத்தின் மணல் கோலங்களை மேலிருந்து பார்க்க, டங் பே குடாவில் இறங்கி நடக்க வேண்டும். நீர் வற்றும்போதுதான் கோலம் அழகு, ஆனால் நன்றாக வற்றிவிட்டால் டிங்கி கரை சேராது. பாதி வற்றத்தில் இறங்கி, அதிக நேரம் தங்காமல் திரும்புங்கள்.

விட்சண்டே தீவின் மேற்கிலுள்ள சிட் ஹார்பர் பாதுகாப்பான துறை. அங்கிருந்து 437 மீட்டர் உயர விட்சண்டே சிகரத்துக்கு ஏறலாம். ஆனால் அந்த நீரில் யாரும் இறங்கக் கூடாது. 2018-இல் அங்கே சுறாக்கள் தாக்கியதில் ஒருவர் உயிரிழந்தார்.

உடம்புக்கும் படகுக்கும்

நவம்பர் முதல் மே வரை கொட்டும் சொறிமுட்டைகள் அதிகம். முழு உடல் உடை அணியாமல் நீந்தாதீர்கள். மற்ற மாதங்களிலும் அணிவது நல்லது. கொட்டினால் குறைந்தது 30 விநாடி வினிகர் ஊற்றி, உடனே வானொலியில் உதவி கேளுங்கள். இருகாண்ட்ஜி என்ற சிறு வகை கொட்டியது முதலில் தெரியவே தெரியாது. அரைமணி நேரத்தில் கடும் முதுகுவலி, வியர்வை, வாந்தி வரும், மருத்துவமனைதான் வழி.

கைபேசிச் சமிக்ஞை பல குடாக்களில் கிடைக்காது. நிறுவனத்தோடு காலையும் மாலையும் வானொலியில் பேசும் நேரத்தைத் தவறவிடாதீர்கள். அவசரத்துக்கு 16-ஆம் அலைவரிசை. ஜூலை முதல் செப்டம்பர் வரை திமிங்கிலங்கள் வரும், 300 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. மீன் பிடிக்கும் முன் மண்டல வரைபடத்தைப் பாருங்கள். பச்சை மண்டலத்தில் தூண்டில் போட்டால் பெரிய அபராதம்.

தீவுகளில் நன்னீர் எதிர்பார்க்க முடியாது. பாத்திரங்களை முதலில் கடல்நீரில் அலசி, கடைசியில் மட்டும் தொட்டி நீரைப் பயன்படுத்துங்கள். முதல் நாளுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டால், அடுப்புப் பக்கம் போகாமல் எல்லாரும் படகில் கவனம் வைக்கலாம். கழிப்பறைக் குழாய் குறுகலானது, சாதாரண டிஷ்யூ போட்டாலும் அடைக்கும். சமையல் முடிந்ததும் கேஸ் உருளையின் வால்வையே மூடுங்கள். கசியும் வாயு படகின் அடியில் தங்கும்.

கடைசி இரவைத் தளத்துக்குப் பக்கத்திலேயே கழியுங்கள். ஒப்படைக்கும் நேரம் பெரும்பாலும் காலையிலேயே வரும்; தாமதத்துக்குக் கட்டணம் உண்டு. கிளம்பும்போது படகின் பக்கவாட்டையும் டிங்கியையும் வீடியோ எடுத்து வைத்திருந்தால், வைப்புத்தொகையைத் திரும்பப் பெறும்போது பழைய கீறல்களுக்காக வாக்குவாதம் வராது.