ஃபோர் வீல் போட்டும் முன்சக்கரம் இழுக்கவில்லையா? முதலில் ஹப்பைத் திறந்து பாருங்கள்

போன கார்த்திகையில் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் எங்கள் வாழைத்தோட்டத்தில் ஜீப் மாட்டிக்கொண்டது. மழை விட்டு ரெண்டு நாள்தான் ஆகியிருந்தது, வாய்க்காலை ஒட்டின பாதை முழுக்கக் களி. ஃபோர் வீல் லிவரைப் போட்டேன், அது சரியாகத்தான் விழுந்தது, ஆனாலும் பின்சக்கரம் மட்டும் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி தோண்ட, முன்சக்கரம் எனக்கென்ன என்று நின்றது. டிராக்டர் வைத்து இழுத்து ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனால், இன்ஜின் ஓட்டத்தை முன்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான டிரான்ஸ்பர் கேஸைப் பிரிக்க வேண்டும், இருபதாயிரம் ஆகும் என்றார்கள். நல்லவேளை, பாளையங்கோட்டையில் பழைய ஜீப் வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவரிடம் சொன்னேன். “ஏல, பெட்டியக் கழட்டுததுக்கு முந்தி முன்சக்கரத்தத் தூக்கிச் சுத்திப் பாத்தியா?” என்றார். பார்க்கவில்லை. பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. கடைசியில் செலவு கிரீஸ், ரெண்டு ஓ-ரிங் (தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்), ஒரு ஞாயிற்றுக்கிழமை.

இது கையால் திருப்பும் ஹப்புக்கு மட்டும், அதாவது முன்சக்கரத்தின் நடுவில் லாக், ஃப்ரீ என்று எழுதிய டயல் இருக்கும் வண்டிக்கு. வேக்குவத்தில் லாக் ஆகிற வகைக்கு வேறு வைத்தியம்.

உள்ளே என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. முன்சக்கரத்தைச் சுற்றவைக்கும் கம்பியான ஆக்ஸில் ஷாஃப்ட் சக்கரத்தின் நடுவரைக்கும் வருகிறது, ஆனால் சக்கரத்தோடு ஒட்டியிருக்காது. இரண்டுக்கும் நடுவில் பல் வைத்த ஒரு வளையம் இருக்கிறது, கிளட்ச் ரிங் என்பார்கள். டயலை லாக்குக்குத் திருப்பினால் அந்த வளையம் ஸ்பிரிங் விசையில் நகர்ந்து ஷாஃப்டையும் சக்கரத்தையும் ஒன்றாகக் கோத்துவிடும். ஃப்ரீயில் விலகிவிடும்; சக்கரம் தன் பாட்டுக்கு உருளும், ஷாஃப்டும் அதை ஓட்டும் கிரவுன் பல்சக்கரமும் சும்மா கிடக்கும். உலகப் போரில் ஓடிய ஜீப்புகள் ஊர் ரோட்டுக்கு வந்தபோது அவற்றுக்காக இந்த ஹப்பைச் செய்து விற்கத்தான் 1948-இல் அமெரிக்காவில் வார்ன் கம்பெனியே தொடங்கப்பட்டது. இன்றைக்கும் பெரும்பாலான ஹப்பின் அடிப்படை அதேதான்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: ஒரு பக்க ஹப் லாக் ஆகாவிட்டால் அந்தப் பக்கம் மட்டும் போகாது, இரண்டு முன்சக்கரமும் போச்சு. இரண்டு பக்கத்துக்கும் ஓட்டத்தைப் பங்கிடும் டிஃபரன்ஷியல், லேசாகச் சுற்றுகிற பக்கத்துக்கே ஓட்டத்தைத் தள்ளிவிடும். லாக் ஆகாத பக்கத்து ஷாஃப்ட் உள்ளுக்குள் வெட்டியாகச் சுற்ற, நல்ல பக்கம் அசையாமல் நிற்கும். என் ஜீப்பில் கெட்டது இடப்பக்கம் மட்டும்தான். அதனால்தான் லிவரும் டிரான்ஸ்பர் கேஸும் வீண் பழி சுமக்கின்றன.

எந்தப் பக்கம் கோளாறு?

சமதரையில் நிறுத்துங்கள். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில் இரண்டு ஸ்டாண்ட் கொடுங்கள். செங்கல் அடுக்கி வைப்பது நம் ஊர்ப் பழக்கம், தயவுசெய்து வேண்டாம், பாரத்தில் சட்டென்று உடையும்.

இன்ஜினை அணைத்துவிட்டு முதல் கியர், ஃபோர் வீல் ஹை, இரண்டு ஹப்பும் லாக். இப்போது இடது சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். வலது சக்கரம் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். சுற்றினால் ஹப் இரண்டும் நலம், கோளாறை வேறு இடத்தில் தேடுங்கள். சுற்றாவிட்டால் ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றி, அதன் பின்னால் இருக்கும் யுனிவர்சல் ஜாயிண்டை, அதாவது ஷாஃப்ட் மடங்கித் திரும்பும் மூட்டைப் பாருங்கள். சக்கரம் சுற்றியும் ஜாயிண்ட் அசையவில்லையென்றால் குற்றவாளி அந்தப் பக்கம்தான். உங்கள் வண்டியில் ஜாயிண்ட் உருண்டையான மூடிக்குள் ஒளிந்திருந்தால் ஹப் மூடியைக் கழற்றிய பிறகு ஷாஃப்டின் நுனியை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் இரண்டையும் ஃப்ரீக்குத் திருப்பி மறுபடி சுற்றுங்கள். இப்போது ஜாயிண்ட் அசையவே கூடாது. கூடவே சுற்றினால் ஹப் விலகாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

டயல் இறுக்கமாக இருந்தால் கட்டிங் பிளையரை வைத்துத் திருகாதீர்கள். பல டயல்கள் அலுமினியமோ பிளாஸ்டிக்கோதான், காது உடைந்துவிடும். வண்டி தரையில் இருக்கும்போது ஓரடி முன்னும் பின்னும் உருட்டிவிட்டுத் திருப்புங்கள். சில நேரம் பல்லும் பல்லும் நேராக நிற்காததுதான் பிரச்சினையே.

கழற்றுதல்

முதலில் ஹப்பைச் சுற்றித் துடையுங்கள். திசையன்விளைப் பக்கம் தேரியில் ஓடிய வண்டியென்றால் பிரஷ் போட்டே தேய்க்க வேண்டும். அந்தச் செம்மணல் மாவு மாதிரி, விட்ட இடுக்கில் எல்லாம் நுழைந்துவிடும். டயலை ஃப்ரீயில் வைத்து மூடியின் சின்ன போல்ட்களைக் கழற்றி, மூடியை நேராக இழுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் எடுக்கும்போதே போனில் படம் எடுத்து, பழைய பேப்பரில் வரிசையாக அடுக்குங்கள், ஸ்பிரிங்கின் எந்த முனை உள்ளே இருந்தது என்பது உட்பட. நான் படம் எடுக்காமல் கழற்றிவிட்டு, அந்த ஸ்பிரிங்கோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன்.

ஷாஃப்ட் நுனியில் ஒரு சர்க்ளிப், அதாவது பள்ளத்தில் கவ்வி உட்காரும் வளையம், இருக்கும். அதற்கான பிளையர் வைத்தே எடுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், துள்ளினால் கண்ணுக்குத்தான் வரும். பிறகு ஹப்பின் உடலைப் பிடித்திருக்கும் பெரிய போல்ட்களைக் கழற்றினால் மொத்தமும் கையோடு வந்துவிடும்.

என்னுடையதைத் திறந்தபோது உள்ளே இருந்தது கிரீஸே இல்லை. பானையில் வருஷக்கணக்கில் கிடந்த புளி மாதிரி இறுகி, செங்கல் நிறத்தில், விரலால் சுரண்டினால் கட்டியாகப் பெயர்ந்தது. அதற்கு அடியில் கிளட்ச் ரிங் துருப்பிடித்து, பாதி தூரம் நகர்ந்து நின்றுவிட்டது. 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகி வந்தபோது இந்த வண்டி ஒரு ராத்திரி முழுக்க ஆக்ஸில் முங்க நின்றது. அதற்குப் பிறகு இன்ஜின் ஆயில், கியர் ஆயில் எல்லாம் மாற்றினேன், ஹப்பை மறந்தே போனேன். வெள்ளத்தில் நின்ற வண்டி வைத்திருப்பவர்கள், கோளாறு தெரியாவிட்டாலும் ஒரு முறை திறந்து பாருங்கள். கிரீஸ் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

சுத்தம் செய்து சோதித்தல்

எல்லாவற்றையும் டீசலில் ஊறப்போட்டு, பழைய பல்துலக்கும் பிரஷால் தேயுங்கள். லேசான துருவை நைசான உப்புத்தாள் எடுத்துவிடும். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கிளட்ச் ரிங்கின் பல் ஓரங்கள் கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கி உருண்டிருந்தால் பாரம் ஏறும்போது டக் டக் என்று நழுவும், அதற்குப் புதுசு வாங்குவதுதான் வழி, வெல்டிங் வைத்துப் பல் கட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஸ்பிரிங் உடைந்தோ துவண்டோ இருந்தால் டயல் திரும்பும், வளையம் நகராது. ஓ-ரிங்கை எந்த நிலையிலும் திருப்பிப் போடாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

பெரிய போல்ட் ஓட்டைகளையும் பாருங்கள். போல்ட் தளர்ந்தே ஓடியிருந்தால் ஓட்டை முட்டை வடிவத்துக்கு இழுபட்டிருக்கும். அந்த ஹப்பை மறுபடி மாட்டினால் போல்ட் அறுந்துவிடும்.

கிரீஸ், மாட்டுதல்

புதிதாகச் செய்கிறவர்கள் தப்பு செய்வது இங்கேதான். வீல் பேரிங்குக்கு அடைக்கிற மாதிரி ஹப்புக்குள்ளும் கிரீஸை அள்ளி அடைத்துவிடுகிறார்கள். அடைத்தால் வளையம் நகர இடமே இருக்காது. நகரும் பரப்பின் மேல் விரலால் மெல்லிசாகப் பூசினால் போதும், உலோகம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

கழற்றிய வரிசைக்கு நேர்மாறாக மாட்டுங்கள். சர்க்ளிப் அதன் பள்ளத்தில் முழுசாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஷாஃப்ட் உள்ளே போய்விட்டு வர மாட்டேன் என்றால், நுனியில் மரை இருக்கும் வண்டிகளில் ஒரு போல்ட்டைத் திருகிப் பிடித்து இழுக்கலாம். பெரிய போல்ட்களை எதிரெதிராக, உங்கள் வண்டிக் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். மூடியை டயல் ஃப்ரீயில் இருக்க மாட்டுங்கள், அதன் போல்ட்களுக்குக் கைபலம் காட்ட வேண்டாம், மரை போய்விடும். டயல் இப்போது விரலாலேயே திரும்ப வேண்டும். முதலில் செய்த சோதனையை அப்படியே இன்னொரு முறை செய்துவிட்டு வண்டியை இறக்குங்கள்.

ஓட்டும்போது இரண்டு ஹப்பும் ஒரே நிலையில் இருக்கட்டும். லாக்கில் வைத்து டூ வீலில் தார் ரோட்டில் போனால் ஒன்றும் ஆகாது. காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓட்டுவதுதான் கூடாது. சேற்றிலிருந்து வெளியே வந்ததும் டூ வீலுக்கு மாற்றி, சில அடி ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு விட்டு டயல் சுலபமாகத் திரும்பும். மாதம் ஒரு தடவையாவது லாக் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள்.

அம்பது கிலோமீட்டர் ஓடியதும் பெரிய போல்ட்களில் மறுபடி ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். என்னுடையதில் இடப்பக்கம் ஒன்று கால் சுற்று ஏறியது.